பிட்சர் மாற்றமும் வார்ம்-அப் பந்துகளும்: அம்பயர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பாலில் பிட்சர் (பந்து எறிபவர்) மாறும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் சந்தேகங்கள் குவிகின்றன. டிவியில் உச்ச தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பார்ப்பவர்கள் ஒரு விதமாகக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளையை லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் சேர்த்துவிட்டு, ஆள் போதாததால் தாங்களே அம்பயராக நிற்கும் பெற்றோர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறோம். பதில்களுக்கு மேஜர் லீக் பின்பற்றும் அதிகாரபூர்வ விதிப் புத்தகம்தான் அடிப்படை. பள்ளி, சிறுவர் ஆட்டங்களில் விதி மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

புல்பென்லயே எறிஞ்சு பாத்துட்டுத்தானே வர்றாரு? மவுண்டுக்கு வந்து மறுபடி எதுக்கு வார்ம்-அப்?

புல்பென்னில் (பிட்சர்கள் தயாராகும் ஓரத்து இடம்) தோளும் கையும் சூடாகும். ஆனால் அந்த மவுண்ட் (பிட்சர் நின்று எறியும் மண்மேடு) வேறு, ஆட்ட மவுண்ட் வேறு. ரப்பருக்கு (மவுண்டில் பிட்சர் கால் வைக்கும் பட்டை) முன்னால் முந்தைய பிட்சரின் கால் தோண்டிய பள்ளம் இருக்கும். இவருடைய கால் அதே இடத்தில் இறங்குமா, பக்கத்தில் இறங்குமா என்று பார்க்க வேண்டும். பந்தை வாங்கும் கேட்சருக்குப் பின்னால் தெரியும் சுவர், கூட்டம், விளக்கு எல்லாமே புதிது. 60 அடி 6 அங்குலத் தூரத்துக்குக் கண்ணும் காலும் பழகத்தான் இந்தப் பந்துகள்.

ஆகவே இவற்றை இருவகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மவுண்டைப் பழகிக்கொள்ளும் பந்துகள், கையைச் சூடாக்கும் பந்துகள். புல்பென்னில் தயாராகி வந்தவருக்கு முதல் வகை போதும். தயாராகாமல் ஓடி வந்தவருக்கு இரண்டுமே வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

எட்டு பந்துதானே கணக்கு? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

விதிப் புத்தகத்தின் பழைய பதிப்புகளில் எட்டு பந்து, ஒரு நிமிடம் என்றே இருந்தது. எல்லார் வாயிலும் எட்டு என்று வருவது அதனால்தான். இப்போதைய விதி 5.07 (பி) எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. இன்னிங்ஸ் தொடக்கத்திலும், இன்னொருவருக்குப் பதிலாக வரும்போதும் பிட்சருக்குத் தயாரிப்புப் பந்துகள் உண்டு, எத்தனை பந்து, எவ்வளவு நேரம் என்பதை அந்தந்த லீக் வரையறுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்கிறது.

லிட்டில் லீக்கில் எட்டு பந்து, ஒரு நிமிடம் என்பது இன்றும் விதி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் புதிதாக வரும் பிட்சருக்கு எட்டு, அடுத்தடுத்த இன்னிங்ஸுக்குத் திரும்பி வருபவருக்கு ஐந்து. இரண்டுக்கும் ஒரு நிமிடம். ஆட்டத்துக்கு முன் அணிகளை நடத்தும் இரு மேனேஜர்களையும் ஹோம் பிளேட்டில் (பேட்டர் ஆடும் இடம்) கூட்டும்போது, இன்று எந்த விதி என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் வாக்குவாதம் வராது.

மேஜர் லீக்ல அம்பயர் பந்தை எண்ணுற மாதிரியே தெரியலையே?

அங்கே பந்துகளை எண்ணுவதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 2023-இல் பிட்ச் கடிகாரம் வந்தபோது, இன்னிங்ஸ் இடைவேளைக்கும் பிட்சர் மாற்றத்துக்கும் 2 நிமிடம் 15 வினாடி வைத்தார்கள். அந்த நேரத்துக்குள் பிட்சர் எத்தனை எறிகிறாரோ அத்தனை. மெதுவாக நடந்து வந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

2024-இல் ஒரு திருத்தம் வந்தது. இடைவேளைக் கடிகாரத்தில் 2 நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது புதுப் பிட்சர் மைதான ஓரத்து மண்பாதையில் கால் வைத்தால், கடிகாரம் 2:15-க்குத் திரும்பாது. 2:00-க்குத்தான் திரும்பும்.

ஒரு நிமிஷம்னா எப்போலருந்து எண்ணணும்? கேட்சர் இன்னும் பேடு கட்டிட்டிருக்காரே?

பள்ளி விதியில் இது தெளிவாக இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு அவர் எறியும் முதல் வார்ம்-அப் பந்திலிருந்து நிமிடம் தொடங்கும். திரும்பி வரும் பிட்சருக்கு முந்தைய அரை இன்னிங்ஸின் (ஓர் அணியின் பேட்டிங் முறை, மூன்று அவுட்டில் முடியும்) மூன்றாவது அவுட்டிலிருந்தே தொடங்கிவிடும்.

போன இன்னிங்ஸ் முடியும்போது கேட்சர் ரன்னராகப் பேஸில் (ரன்னர் ஓடிச் சேரும் இடம்) நின்றிருந்தால் அவர் பேடு கட்டி வர நேரமாகும். அதுவரை வேறொருவர் உட்கார்ந்து பந்து வாங்கலாம். லிட்டில் லீக்கில் அந்த ஆளும் கேட்சர் முகக்கவசமும் ஹெல்மெட்டும் போட்டிருக்க வேண்டும். கவசம் இல்லாமல் ஒரு பையன் குந்தி உட்கார்ந்தால் முதல் பந்துக்கு முன்பே நிறுத்துங்கள். மண்ணில் பட்டு எகிறும் பந்து வார்ம்-அப் என்று பார்த்து மெதுவாக வராது.

பிட்சருக்கு அடிபட்டுடுச்சு. புல்பென்ல யாருமே எறியல. வர்றவருக்கும் அதே எட்டுதானா?

இல்லை. அம்பயர்கள் அதிகம் தவறும் இடம் இதுதான். தயாராக வாய்ப்பே இல்லாமல் திடீர் அவசரத்தில் ஒரு பிட்சரைக் கூப்பிட நேர்ந்தால், தேவை என்று தலைமை அம்பயர் கருதும் அளவுக்குப் பந்துகள் தரலாம் என்று 5.07 (பி) சொல்கிறது. லிட்டில் லீக் விதியிலும் இதே விலக்கு உண்டு. பள்ளி விதியில் காயம், வெளியேற்றம், மோசமான வானிலை ஆகிய காரணங்களுக்காகக் கூடுதல் பந்துகள் அனுமதிக்கலாம்.

பழக்க தோஷத்தில் ஏழாவது பந்தில் விரலைத் தூக்கி "இன்னும் ஒண்ணு" என்று காட்டிவிடாதீர்கள். சூடாகாத கையால் முழு வேகத்தில் எறிந்தால் தோளும் முழங்கையும் பாதிக்கப்படும். முதல் நாலைந்து பந்து மெதுவாகத்தான் வரும், அதை எண்ணிக் கணக்கு முடிக்கக் கூடாது. அவர் வழக்கமான வேகத்துக்கு வந்துவிட்டாரா, வளைவுப் பந்தை எறிந்து பார்த்துவிட்டாரா என்று கவனியுங்கள். பிறகு "ரெடியா?" என்று கேளுங்கள். தலையசைத்த பிறகு ஆட்டத்தைத் தொடங்கலாம்.

அப்போ நேரம் ஓட்ட "காயம்"னு சும்மா சொன்னா?

சொல்வார்கள். மேனேஜர் மவுண்டுக்குப் போகும் முன்பே புல்பென் பக்கம் ஒரு பார்வை பார்த்து வையுங்கள். அங்கே ஒருவர் பத்து நிமிடமாக எறிந்துகொண்டிருந்தால், "வாய்ப்பே இல்லை" என்ற வாதம் நிற்காது. உள்ளே இருக்கும் பிட்சர் எவ்வளவு வலியில் இருந்தாலும், வருகிறவர் ஏற்கெனவே தயாரானவர்தான்.

உண்மையா, நடிப்பா என்று நிச்சயமில்லாவிட்டால் கூடுதல் பந்து கொடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் போனால் போகட்டும். வலி என்று சொன்ன அதே பிட்சர் தொடர விரும்பினால், மேனேஜரும் மருத்துவ உதவியாளரும் பக்கத்தில் நிற்க, சில பந்து எறிந்து பார்க்கவிடுவது வழக்கம். அதற்கு எட்டு என்ற கணக்கு கிடையாது.

மேனேஜர் எத்தனை தடவை மவுண்டுக்குப் போகலாம்?

ஒரே இன்னிங்ஸில் ஒரே பிட்சரிடம் இரண்டாவது முறை போனால் அந்தப் பிட்சர் வெளியேற வேண்டும். இது விதி 5.10 (எல்). ஒரே பேட்டர் ஆடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது முறை போகவே கூடாது. நடுவில் அந்த பேட்டருக்குப் பதிலாக வேறொருவர் வந்தால் போகலாம், ஆனால் பிட்சரை மாற்றியாக வேண்டும். இதுதவிர மேஜர் லீக்கில் மொத்தச் சந்திப்புகளுக்கும் உச்சவரம்பு இருக்கிறது: 2018-இல் ஆறு, 2019-இல் ஐந்து, 2024 முதல் நான்கு.

மேனேஜர் நேராக மவுண்டுக்குப் போகாமல் கேட்சரிடம் ஏதோ சொல்லி, உடனே கேட்சர் மவுண்டுக்கு ஓடினால் அதுவும் ஒரு சந்திப்பாகவே கணக்காகும்.

மவுண்டை விட்டு இறங்கிட்டு, ஒரு வார்த்தை சொல்ல மறந்துட்டேன்னு திரும்பினா?

அது இரண்டாவது சந்திப்பு. பிட்சர் ரப்பரைச் சுற்றியுள்ள 18 அடி வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் முதல் சந்திப்பு முடிந்துவிடுகிறது. மண் முடிந்து புல் தொடங்கும் இடத்தை எல்லையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

2010 ஜூலை 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைப் பாருங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் அணி 5-4 என முன்னிலை, மூன்று பேஸிலும் ஜயன்ட்ஸ் ரன்னர்கள். வெளியேற்றப்பட்டிருந்த டாட்ஜர்ஸ் மேனேஜர் ஜோ டாரேக்குப் பதிலாக அணியை நடத்திய டான் மாட்டிங்லி, பிட்சர் ஜோனதன் பிராக்ஸ்டனிடம் பேசிவிட்டு மவுண்டை விட்டு இறங்கினார். முதல் பேஸ்மேன் ஏதோ கேட்க, பதில் சொல்லத் திரும்பி மவுண்டில் கால் வைத்தார். ஜயன்ட்ஸ் மேனேஜர் புரூஸ் போச்சி உடனே வெளியே வந்து முறையிட்டார். இரண்டு சந்திப்பு என்று தீர்ப்பளித்த அம்பயர்கள் பிராக்ஸ்டனை அங்கேயே வெளியேற்றினார்கள்.

இரண்டு சந்திப்பு என்பது சரி. அடுத்து எடுத்த இரண்டு முடிவுகளும் தவறு. அதே பேட்டரின்போது இரண்டாவது சந்திப்பு நடந்தால், பிட்சர் அந்த பேட்டருக்கு எறிந்து முடித்த பிறகே வெளியேற வேண்டும். அதாவது பிராக்ஸ்டன் அப்போதைய பேட்டர் ஆண்ட்ரெஸ் டாரஸுக்கு எறிந்திருக்க வேண்டும். இரண்டாவது தவறு, சரியாகத் தயாராகாமல் வந்த ஜார்ஜ் ஷெரிலுக்கு எட்டே பந்து கொடுத்தது. டாரஸ் அடித்த டபுளில் (இரண்டாவது பேஸ் வரை கொண்டுசெல்லும் அடி) இரண்டு ரன் வந்தது, ஜயன்ட்ஸ் 7-5 என்று வென்றது. அம்பயர்கள் தவறிவிட்டார்கள் என்று லீக் பிறகு ஒப்புக்கொண்டது. பேட்டர் ஆடி முடிக்கும் வரை பழைய பிட்சர் நிற்கட்டும் என்று விதி சொல்வதற்கு ஒரு காரணம், அதற்குள் அடுத்தவர் புல்பென்னில் தயாராகலாம் என்பதே. 5.10 (எல்) விதியின் குறிப்பும், வருகிறவருக்கு எட்டு பந்து, சூழ்நிலை கேட்டால் அதற்கு மேலும் தரலாம் என்றே சொல்கிறது.

புதுப் பிட்சர் ஒரே ஒரு பேட்டருக்கு எறிஞ்சிட்டுப் போயிடலாமா?

முன்பு போகலாம். 2020 முதல் மேஜர் லீக்கில் குறைந்தது மூன்று பேட்டருக்கு எறிய வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். விலக்கு காயமோ நோயோ மட்டும், அதுவும் இனி எறிய முடியாது என்று அம்பயர் குழுத் தலைவருக்குத் தோன்ற வேண்டும். இரண்டு அவுட்டில் வந்து ஒரே ஆளை அவுட் ஆக்கினால் இன்னிங்ஸ் முடிந்தது, அவரை மாற்றிவிடலாம். ஆனால் அடுத்த இன்னிங்ஸுக்கும் அவரையே அனுப்பினால் மீதிக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

பந்தே எறியாமல் கைசாடையில் கொடுக்கும் இன்டென்ஷனல் வாக்கும் (பேட்டரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்புவது) ஒரு பேட்டராக எண்ணப்படும். பெரும்பாலான சிறுவர், பள்ளி ஆட்டங்களில் பழைய விதிதான்: வந்தவர் ஒரு பேட்டரையாவது முடித்துவிட்டுப் போக வேண்டும்.

எங்க பிட்சர் வார்ம்-அப் முடிச்சதும் எதிரணி பேட்டரை மாத்திட்டாங்க. நாங்களும் பிட்சரை மாத்தலாம்ல?

முடியாது. புதுப் பிட்சர் அந்த பேட்டருக்கு, அல்லது அவருக்குப் பதிலாக வருபவருக்கு, எறிந்தே ஆக வேண்டும் என்று 5.10 (ஜி) தெளிவாகச் சொல்கிறது. "பதிலாக வருபவர்" என்பதைப் படிக்காமல் விடுவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

மேஜர் லீக்கிலேயே இது நழுவியிருக்கிறது. 2013 மே மாதம் ஹூஸ்டன் மேனேஜர் போ போர்ட்டர், வெஸ்லி ரைட்டை மவுண்டுக்குக் கொண்டுவந்தார். எதிரணியான ஏஞ்சல்ஸ் பேட்டரை மாற்றியதும், ரைட் ஒரு பந்துகூட எறியாத நிலையில் போர்ட்டர் ஹெக்டர் அம்ப்ரிஸை அழைத்தார். அம்பயர்கள் விட்டுவிட்டார்கள். ஏஞ்சல்ஸ் மேனேஜர் மைக் சியோசியா எதிர்ப்பைப் பதிவு செய்து ஆடினார். அவருடைய அணியே 6-5 என்று வென்றதால் எதிர்ப்பு தேவையற்றுப் போனது. ஆனால் அம்பயர் குழுத் தலைவரை லீக் இரண்டு ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது, குழுவினருக்கும் அபராதம் போட்டது.

சரி, அம்பயரே தப்பா அனுமதிச்சு ஒரு பந்தும் எறிஞ்சாச்சு. இப்ப என்ன பண்றது?

இனி திருப்ப வழியில்லை. முறையற்று வந்த பிட்சர் பேட்டருக்கு முதல் பந்தை எறிந்ததும், அல்லது ஏதாவது ஒரு ரன்னர் அவுட் ஆனதும், அவரே முறையான பிட்சர் ஆகிவிடுவார். அதன்பின் நடப்பதெல்லாம் செல்லும். அதற்கு முன் எப்போது தெரிந்தாலும், ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகுகூட, பழைய பிட்சரைத் திரும்ப அழைக்க வேண்டியது அம்பயரின் கடமை. வார்ம்-அப் பந்து இந்தக் கணக்கில் வராது. பேட்டருக்கு எறிந்த பந்துதான் எல்லை.

போன இன்னிங்ஸ் எறிஞ்சவரே மவுண்டுக்கு நடந்து வர்றாரு. பாதியில கூப்பிட்டுக்கலாமா?

ஆடுகளத்தின் ஓர எல்லையான ஃபவுல் கோட்டைத் தாண்டாத வரை கூப்பிடலாம். தாண்டிவிட்டால் முதல் பேட்டரை அவர்தான் முடிக்க வேண்டும். முந்தைய அரை இன்னிங்ஸ் முடியும்போது அவர் பேஸிலோ பேட்டிங்கிலோ இருந்து, டக்-அவுட்டுக்குப் (அணி உட்காரும் இடம்) போகாமல் நேரே வருகிறார் என்றால், கோட்டுக்கு உள்ளேதான் ஏற்கெனவே இருக்கிறார். அதனால் அவருக்கு எல்லை ரப்பர். வார்ம்-அப் தொடங்க அதைத் தொட்டால்தான் கட்டாயம் வரும்.

பேட்டர் மாறினால் இந்தக் கட்டாயம் நீங்கும் என்ற வாசல் இங்கே திறந்திருந்தது. மேஜர் லீக் 2024-இல் அதை அடைத்தது: இன்னிங்ஸுக்காக மைதானத்தில் வார்ம்-அப் செய்தவர் ஒரு பேட்டருக்காவது எறிந்தாக வேண்டும்.

பிட்சரை ஃபர்ஸ்ட் பேஸ்ல நிறுத்திட்டு, இன்னொருத்தர் எறிஞ்சதும் திரும்பக் கொண்டுவரலாமா?

ஆட்டத்தை விட்டே வெளியேறியவர் திரும்ப முடியாது. கிரிக்கெட்டில் பவுலரை ஓவருக்கு ஓவர் மாற்றிப் பழகியவர்களுக்கு இது கடினமாகத் தெரியும். ஆனால் வேறு இடத்தில் ஃபீல்டிங் நின்றால் அவர் ஆட்டத்தில்தான் இருக்கிறார், திரும்பி வரலாம். ஒரே இன்னிங்ஸில் பிட்சர் இடத்தை விட்டு வேறு இடத்துக்கு ஒருமுறைதான் போகலாம். திரும்பி வரும்போதும் இன்னொரு பிட்சருக்குப் பதிலாகத்தான் வருகிறார், எனவே வார்ம்-அப் உண்டு. மூன்று பேட்டர் விதி நடுவில் எறிந்தவரையும் கட்டும் என்பதால் மேஜர் லீக்கில் இது இப்போது அபூர்வம்.

லிட்டில் லீக்கில் 12 வயது வரையான பிரிவில் மவுண்டை விட்டு இறக்கிய பிள்ளை அன்று திரும்ப எறிய முடியாது. அதற்கு மேற்பட்ட பிரிவுகளில், ஆட்டத்திலேயே இருந்தால், ஒருமுறை திரும்பலாம்.

காயம்பட்ட ஃபீல்டருக்குப் பதிலா வர்றவருக்கும் வார்ம்-அப் உண்டா?

உண்டு, ஐந்து எறிதல்.

ரெண்டு கையாலயும் எறியறவர் கையை மாத்தினா புதுசா எட்டு கேட்கலாமா?

ஒன்றுகூடக் கிடையாது. 2008-இல் சிறு லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை) ஆட்டம் ஒன்றில் இரு கையாலும் எறியும் பாட் வெண்டிட்டேயும் இரு பக்கமும் ஆடும் பேட்டர் ஒருவரும் மாறி மாறிப் பக்கம் மாற்றிக்கொண்டே இருந்ததற்குப் பிறகு இதற்கென்று விதி வந்தது. ரப்பரைத் தொடும்போது கையுறை எந்தக் கையில் இருக்கிறது என்பதன் மூலம் எறியும் கையைக் காட்ட வேண்டும். அந்த பேட்டர் முடியும் வரை மாற்றக் கூடாது. காயத்தால் மாற்றினால் காயம்பட்ட கையால் அன்று மீண்டும் எறியக் கூடாது.

வார்ம்-அப் நடக்கும்போது ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடினா செல்லுமா? பிட்சர் பாதியில நிறுத்தினா பால்க்கா?

இரண்டும் இல்லை (பால்க் என்றால் ரன்னரை ஏமாற்றும் பிட்சரின் விதிமீறல் அசைவு). வார்ம்-அப் நேரம் முழுக்க ஆட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது. பிட்சர் பந்தோடு ரப்பரில் நின்று, பிளேட் அம்பயர் "பிளே" என்று சொன்ன பிறகுதான் பந்துக்கு உயிர் வரும். ஆகவே கடைசி வார்ம்-அப் பந்தைக் கேட்சர் இரண்டாவது பேஸுக்கு எறியும்போது ரன்னர் ஓடினால், அவரைப் பழைய பேஸுக்கே அனுப்புங்கள். "பிளே" சொல்ல மறக்கும் அம்பயர்தான் இந்தத் தகராறை வரவழைக்கிறார்.

அடுத்த பேட்டர் பிளேட் பக்கத்துல நின்னு வார்ம்-அப் பந்துக்கு ஸ்விங் பண்ணிப் பாக்கிறாரு. விடலாமா?

விடாதீர்கள். பந்தின் வேகத்துக்குக் கணக்குப் போட அது இலவச வாய்ப்பு, ஆபத்தும்கூட. ஆன்-டெக் வட்டத்துக்கு (அடுத்த பேட்டர் காத்திருக்கும் இடம்) அனுப்பினால் போதும்.

சின்னப் பசங்க மேட்ச்ல வார்ம்-அப் பந்தும் பிட்ச் கணக்குல சேருமா?

சேராது. லிட்டில் லீக்கில் 11-12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85, 9-10 வயதுக்கு 75 என்ற வரம்பு பேட்டருக்கு எறியும் பந்துகளுக்கு மட்டும். ஒரு பேட்டர் நடுவில் இருக்கும்போது வரம்பு வந்துவிட்டால் அந்த பேட்டரை முடிக்கலாம். ஆனாலும் கைக்கு எல்லாம் ஒன்றுதான். ஐந்து பந்திலேயே தயார் என்று பையன் சொன்னால், எட்டையும் எறியச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பிட்சர் மாறும்போது பிளேட் அம்பயர் வரிசையா என்னென்ன செய்யணும்?

மேனேஜர் வெளியே வரும்போதே புல்பென்னைப் பாருங்கள். இது எத்தனையாவது சந்திப்பு, இப்போதைய பிட்சர் தன் கட்டாயத்தை முடித்துவிட்டாரா என்று பாருங்கள். முடிக்கவில்லையென்றால் மேனேஜர் ஃபவுல் கோட்டைத் தாண்டும் முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டிங் வரிசையையும் சேர்த்து மாற்றும் டபுள் ஸ்விட்ச் என்றால், புதுப் பிட்சரை அழைக்கும் முன்பே மேனேஜர் உங்களிடம் சொல்லியாக வேண்டும். புல்பென் பக்கம் கை காட்டிய கணமே பிட்சர் மாற்றம் பதிவாகிவிட்டது, அதன்பின் வரிசையைத் திருத்த முடியாது. 2022-இல் இரு லீக்கிலும் டி.எச். (பிட்சருக்குப் பதிலாக பேட் செய்ய மட்டும் ஒருவர்) வந்துவிட்டதால் மேஜர் லீக்கில் இது குறைந்துவிட்டது, மற்ற இடங்களில் இன்னும் வரும்.

பிறகு லைன்-அப் கார்டில் பழைய பெயரை அடித்து, புதுப் பெயரையும் எண்ணையும் இன்னிங்ஸோடு எழுதுங்கள். எதிரணிக்கும் ஸ்கோரருக்கும் தெரிவியுங்கள். ஏன் மாற்றம், வருகிறவர் தயாராகி வந்தவரா என்பதை வைத்து எட்டா, கூடுதலா என்று முடிவு செய்து, பிட்சரிடமும் கேட்சரிடமும் முதல் பந்துக்கு முன்பே சொல்லுங்கள். இரண்டு மீதமிருக்கும்போது விரலால் காட்டுங்கள். கடைசிப் பந்து இரண்டாவது பேஸுக்குப் போய், மவுண்டுக்குத் திரும்பி, பேட்டர் பெட்டிக்குள் வந்த பிறகு "பிளே".